வீட்டுத் தோட்டமும் கைபோன் வீடியோவும்



இப்போது நமது லயங்களில் ஒரு ஸ்மார்ட் போனாவது இல்லாத காம்பராவைக் காண்பது அரிது. கொழுந்து நிறுத்துவிட்டு, தண்ணி எடுத்து, அடுப்பு மூட்டி முடிந்ததும் எல்லோருடைய கையிலும் அது வந்துவிடுகிறது. புதுக்கோட்டைப் பக்கத்துத் தாத்தா ஒருவரும் பேரன்மாரும் வயல்வெளியில் பெரிய அண்டா வைத்துச் சமைக்கிற வீடியோவைப் பார்க்காத வீடு இல்லை என்றே சொல்லலாம். அதில் பிழை ஒன்றுமில்லை. நாங்களும் பார்த்திருக்கிறோம். ஆனால் அதே போனைக் கொண்டு, மண் கழுவிப் போகாமல் காப்பது எப்படி, பை உரம் வாங்கக் காசில்லாத நேரத்தில் மரக்கறிப் பாத்திக்கு என்ன போடுவது என்பவற்றை ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கவும் முடியும். அதைப் பற்றித்தான் இந்த இதழில் விளக்குகிறோம்.

பிள்ளைகள் ‘வ்லொக்’ என்று ஒரு சொல் சொல்கிறார்கள். வேறொன்றுமில்லை, எழுதுகிற நாட்குறிப்பைப் படமாகப் பிடிப்பதுதான் அது. இன்றைக்கு விதை போட்டேன் என்று ஒரு துண்டு. மூன்று கிழமை கழித்து அதே பாத்தியில் இன்னொரு துண்டு. அடை மழை பெய்த மறுநாள் ஒரு துண்டு. கடைசியில் அறுவடை. ரி.வி.யில் வருகிற விவசாய நிகழ்ச்சிக்கும் இதற்கும் இங்கேதான் வித்தியாசம். ரி.வி.யில் எல்லாம் நன்றாக விளைந்த தோட்டத்தைக் காட்டுவார்கள். நாட்குறிப்பில் பூச்சி தின்ற போஞ்சியும் வரும், அழுகிப்போன கோவாவும் வரும். பார்க்கிறவர்களுக்குப் பாடம் பெரும்பாலும் அந்தக் கோவாவில்தான் இருக்கிறது.

பயிர்ச்செய்கையை றேடியோவிலும் படத்திலும் சொல்லிக் கொடுப்பது புதிய காரியம் அல்ல. தமிழ்நாட்டில் 1960களில் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஏ.டி.ரி. 27 என்ற நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி திரும்பத் திரும்பச் சொன்னதில், சனங்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1975 ஆகஸ்டிலிருந்து 1976 யூலை வரை இந்தியாவில் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குச் செய்மதி மூலம் ரி.வி. நிகழ்ச்சி காட்டினார்கள். விவசாயமும் சுகாதாரமும் அதில் முக்கியம். கொழும்பில் குடியிருந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் வீட்டிலும் அந்த நிகழ்ச்சியைப் பிடிக்க ஒரு தட்டு பூட்டினார்கள் என்பது நம் நாட்டுச் சங்கதி. நமக்கு இன்னும் கிட்டடியில் கொத்மலை சமூக வானொலி இருக்கிறது. 1999 இல் யுனெஸ்கோ உதவியுடன் அங்கே இன்ரர்நெட் வந்தது. நேயர்கள் கேட்ட கேள்விக்கு நிலையத்தில் இருந்தவர்கள் இன்ரர்நெட்டில் தேடி, பதிலை வானொலியில் சொன்னார்கள். கம்பியூட்டரைக் கண்ணால் காணாத வீட்டுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது.

ஆனால் இவை எல்லாவற்றிலும் பேசுகிறவர் ஒரு பக்கம், கேட்கிறவர் ஒரு பக்கம். இதை மாற்றிப் பார்த்த இடம் கர்நாடகம். 2006 இல் பெங்களூரில் மைக்ரோசொப்ட் ஆராய்ச்சி நிலையத்தில் ரிகின் காந்தி என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும், ‘கிரீன் பவுண்டேசன்’ என்ற தொண்டு நிறுவனத்துடன் சேர்ந்து ‘டிஜிட்டல் கிரீன்’ என்ற வேலையைத் தொடங்கினார்கள். 2008 இல் அது தனி நிறுவனமாகிவிட்டது. அவர்கள் செய்தது மிக எளிது. பெரிய நிபுணரைக் கூட்டி வந்து பேச வைக்கவில்லை. அந்தக் கிராமத்து விவசாயியே தன் காணியில் நின்று, செய்து காட்டிப் பேசுவார். அதை ஊரில் உள்ள ஒருவர் சின்னக் கமராவில் பிடிப்பார். பிறகு ஒரு ரி.வி. பெட்டியும் டி.வி.டி. பிளேயரும் வைத்து, இரவு வேலை முடிந்த பிறகு பத்து இருபது பேரைக் கூட்டிக் காட்டுவார்கள். கரண்ட் இல்லாத ஊர்களுக்காகப் பின்னாளில் பற்றரியில் ஓடும் கைக்கடக்கமான புரொஜெக்டர்களும் வந்தன.

காட்டுகிறபோது ஒரு ஆள் பக்கத்தில் நிற்பார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். அவர் படத்தை இடையில் நிறுத்துவார். “இப்ப அவர் என்ன செய்தார்? ஏன் அப்படிச் செய்தார்?” என்று கேட்பார். விளங்காதவர்களுக்குத் திரும்பப் போட்டுக் காட்டுவார். யார் வந்தார்கள், யார் செய்து பார்க்க விருப்பம் என்றார்கள், யார் உண்மையிலேயே செய்தார்கள் என்று ஒரு கொப்பியில் பதிவார். பிறகு அந்த வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்.

பலன் என்ன? 16 கிராமங்களில் 1,470 குடும்பங்களிடம் பார்த்த சோதனையில், உத்தியோகத்தர் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக் கொடுக்கும் பழைய முறையைவிட ஏழு மடங்கு அளவில் ஆட்கள் சில புதிய முறைகளைக் கைக்கொண்டார்கள். ஒரு ஆள் மாறுவதற்கு ஆன செலவைக் கணக்குப் பார்த்தால் பத்தில் ஒரு பங்குதான். உத்தியோகத்தர்களாகிய எங்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான கணக்குத்தான், இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறோம். படத்தைப் பார்த்தவர்கள் முதலில் கேட்ட கேள்வி, அந்த ஆளின் பெயர் என்ன, அவர் எந்த ஊர் என்பதுதானாம். பயிரைப் பற்றிய கேள்வி பிறகுதான். தன்னைப் போன்ற ஒருவர், தன்னிடம் உள்ள அதே மண்வெட்டியோடு செய்கிறார் என்று கண்டால்தான் மனம் துணிகிறது.

இந்த நியாயம் எங்களுக்கு எங்கள் சொந்த ஊரான நாரந்தனையில் நன்றாக விளங்கியது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறோம்: யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை வழியாக ஊர்காவற்றுறைக்குப் போகிற தீவில் இருக்கிறது நாரந்தனை. நாலு பக்கமும் கடல், நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. நெல் ஒரு போகம்தான், அதுவும் வானம் பார்த்து. கிணற்றில் நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய படையாக உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. துலாவும் பட்டையும் வைத்து இறைத்த காலத்தில் மனுசர் களைத்துப் போய் நிறுத்திவிடுவார்கள், கிணறும் தப்பியது. மெசின் வந்த பிறகு களைப்பு இல்லை. கூட இறைத்தால் அடியிலிருக்கிற உப்பு மேலே வருகிறது, கிணறு உவராகிவிடுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் சனங்கள் பயிர் வைத்துப் பிழைத்தது குழை தாழ்த்தல் என்ற முறையால்.

பூவரசு, வாதநாராயணி, கிளிசரியா, காவிளாய் ஆகியவற்றின் இலைகளை வெட்டி, பயிர் வரிசையை ஒட்டிக் கிடங்கு எடுத்து, அதற்குள் பரப்பி மண்ணால் மூடிவிடுவதுதான் குழை தாழ்த்தல். பழைய பனையோலையையும் நறுக்கித் தாழ்ப்பார்கள். குழை கெதியில் உக்கி உரமாகும். ஓலை உக்க நாளாகும், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் தண்ணீர்ச் செலவு குறையும்.

1990, 1991 இல் தீவுப் பகுதிச் சனங்களில் பெரும்பாலானோர் இடம்பெயர்ந்து போனார்கள். கொழும்பு, கனடா, லண்டன் என்று சிதறிவிட்டார்கள். காணி பற்றை மூடிப்போனது. திரும்பி வந்த இளம் பிள்ளைகளுக்கு மெசின் தெரியும், பை உரம் தெரியும். குழை தாழ்க்கத் தெரியாது. எங்கள் உறவுக்காரப் பெரியம்மா ஒருவருக்குத் தெரியும். கனடாவிலிருக்கிற பேரன் கேட்டான் என்று இன்னொரு பேரன் அவர் கிடங்கு எடுப்பதைப் போனில் பிடித்தான். நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது அதைக் காட்டினார்கள். முதல் துண்டில் பாதி நேரம் பெரியம்மாவின் முகம்தான். பிறகு அவரே ஏசுகிறார்: “எட தம்பி, என்ர மூஞ்சையை விட்டிட்டு மண்ணைக் காட்டடா!” அதற்குப் பிறகுதான் வீடியோ பிரயோசனமானது. கிடங்கு எவ்வளவு ஆழம் என்று முழங்கையை விட்டுக் காட்டுகிறார். ஓலையை எப்படி நறுக்குவது, எந்தப் பக்கம் மண் போடுவது எல்லாம் கையாலேயே காட்டுகிறார். எட்டு நிமிசம். ஊரில் மூன்று வீட்டார் அதைப் பார்த்துத் தங்கள் மிளகாய்ப் பாத்திக்குத் தாழ்த்திருக்கிறார்கள்.

அந்த வீடியோவை நாங்கள் இங்கே கொண்டு வந்து, பிள்ளைக் காம்பராவில் சில தாய்மாருக்குப் போட்டுக் காட்டினோம். எல்லோரும் ரசித்துப் பார்த்தார்கள். முடிந்ததும் ஒரு அக்கா கேட்டார்: “நல்லாத்தாங்க இருக்கு ஐயா. ஆனா குழைன்னா என்னாங்க? நம்ம மலைக்கு இது சரிப்படுங்களா?” இரண்டுமே சரியான கேள்விகள். அங்கே குழை என்பதை இங்கே தழை என்கிறோம். அங்கே மண்வெட்டி, இங்கே மம்பட்டி. ஒரே தமிழ்தான், என்றாலும் சொல் மாறினால் கேட்கிறவர் அந்த இடத்தில் நின்றுவிடுகிறார், வீடியோ ஓடிப்போய்விடுகிறது.

இரண்டாவது கேள்வி இன்னும் பெரியது. நாரந்தனை தட்டை நிலம். அங்கே கிடங்கை எந்தத் திசையில் எடுத்தாலும் தண்ணீர் தங்கும். நமது லயத்துக்குப் பின்னால் உள்ள துண்டு நிலம் சரிவு. சரிவின் நெடுக மேலிருந்து கீழாகக் கிடங்கு எடுத்தால் முதல் மழையிலேயே தழையும் மண்ணும் சேர்ந்து கானுக்குள் போய்விடும். இங்கே சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டமாக எடுக்க வேண்டும். தேயிலை மலையில் கான் வெட்டுகிறவர்களுக்கு இது சொல்லித் தரத் தேவையில்லை. தழையும் வேறு. பூவரசுக்கும் பனையோலைக்கும் நாம் எங்கே போவது? ஆனால் றோட்டோரம் எல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிற காட்டுச் சூரியகாந்தி அருமையான தழை உரம். முள்முருங்கை இருக்கிறது. கீழ்ப்பகுதித் தோட்டங்களில் கிளிசரியா இருக்கிறது. வெட்டிய மானாப் புல்லை மேலே பரப்பி மூடலாம்.

மண்ணும் வேறு. தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரையான பி.எச். உள்ள புளிப்பு மண்தான் பிடிக்கும். அந்தப் புளிப்பு கரட்டுக்கும் கோவாவுக்கும் கூடிப்போனால், மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களில் டொலமைட் போடுகிறார்கள். சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிற தீவு மண்ணுக்கு டொலமைட் போடுவது, உப்புக் கூடின கறிக்கு இன்னும் உப்புப் போடுகிற மாதிரி. நுவரெலியாவில் சரியான ஆலோசனை நாரந்தனையில் பிழை, அங்கே சரியானது இங்கே பிழை. யூரியூப்பில் பார்க்கிற எந்த விவசாய வீடியோவுக்கும் இதைப் பொருத்திப் பாருங்கள். பேசுகிறவர் எந்த ஊர், அந்த ஊர் மண் என்ன, மழை எவ்வளவு என்று சொல்லாத வீடியோவை வேடிக்கைக்குப் பார்க்கலாம், பாத்தியில் இறக்கக் கூடாது.

இதில் விளையாட்டுக்கு இடமில்லை என்பதற்கு 2021 ஆம் ஆண்டு சாட்சி. அந்த ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டது, நவம்பரில்தான் தடை நீங்கியது. முன்னாயத்தம் இல்லாமல் ஒரே இரவில் எல்லோரும் சேதன உரத்துக்கு மாற வேண்டும் என்ற நிலை. நாட்டின் தேயிலை உற்பத்தி 2021 இல் சுமார் 29.9 கோடி கிலோவாக இருந்தது, 2022 இல் சுமார் 25.1 கோடி கிலோவாக இறங்கியது. உரத் தட்டுப்பாடு அதற்கு முக்கிய காரணம். கொழுந்து குறைந்தால் யாருடைய கைக்காசு குறையும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் போன் முழுக்கத் திரவ உரம், பூச்சிக் கரைசல் என்று வீடியோக்கள் வந்து குவிந்தன. நல்லவையும் இருந்தன. ‘ஏழே நாளில் காய் குலுங்கும்’ என்ற ரகமும் இருந்தது.

ஏன் அப்படிப் போடுகிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். யூரியூப்பில் விளம்பரக் காசில் பங்கு கிடைப்பதற்கு ஒரு வழி, 1,000 சந்தாதாரர்களும் ஒரு வருடத்தில் 4,000 மணித்தியாலம் பார்த்த கணக்கும் சேர வேண்டும் என்பது. அதனால் தலைப்பைப் பெரிசாகப் போட்டு ஆளை இழுக்கிறார்கள். நம் பிள்ளைகள் யாராவது இதில் உடனே சம்பாதிக்கலாம் என்று நினைத்தால், அந்த இலக்கத்தை முதலில் பார்க்கட்டும். நாம் எடுக்கப் போவது நம் டிவிசனுக்கு. இருபது வீடு பார்த்தாலே போதும்.

மருந்து அடிக்கிற வீடியோக்களில்தான் ஆபத்து அதிகம். ‘ஒரு மூடி ஊற்றுங்கள்’ என்கிறார்கள். எந்தப் போத்தலின் மூடி? எத்தனை லீற்றர் தண்ணீருக்கு? இரண்டு மருந்தை ஒன்றாகக் கலக்கச் சொல்லும் வீடியோவையும் நாங்கள் கண்டோம். நம் பீலித் தண்ணீர் மேலேயுள்ள மலையிலிருந்துதான் வருகிறது. மேலே பாத்தியில் ஊற்றுவது கீழே குடத்துக்குள் வரும். சந்தேகம் வந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். தேயிலை சம்பந்தமான விஷயத்துக்கு 1925 இலிருந்து இயங்கி வரும் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தோட்டத்து உத்தியோகத்தர் மூலமாக அவர்களுடைய ஆலோசனையைக் கேட்டுப் பெறலாம்.

இனி எடுக்கிற விதம். ஒரு வீடியோவில் ஒரே ஒரு காரியம். தழை தாழ்ப்பது என்றால் தழை தாழ்ப்பது மட்டும், கோழி வளர்ப்பு வேண்டாம். ஐந்திலிருந்து எட்டு நிமிசம் தாராளம். போனைக் குறுக்காகப் பிடிக்க வேண்டும். காலை எட்டு ஒன்பது மணி வெயில் எடுக்கிறவரின் முதுகில் விழட்டும், மத்தியானம் ஆனால் மூட்டம் வந்துவிடும். நம் மலையில் காற்றுத்தான் பெரிய எதிரி. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, போனைப் பேசுகிறவருக்குக் கிட்டப் பிடித்தால் சத்தம் கேட்கும். பாட்டுப் போட வேண்டாம். இளம் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் முகம் வாடுகிறது, ஆனாலும் பாட்டுக்குள் பேச்சு அமுங்கிப் போனால் எடுத்த பாடு வீண். அளவு சொல்லும்போது எல்லா வீட்டிலும் உள்ள பாத்திரத்தைக் காட்டுங்கள். பால்மாப் பெட்டி, சோற்றுக் கரண்டி, கொழுந்துக் கூடை என்றால் யாருக்கும் விளங்கும். கை என்ன செய்கிறதோ அதற்குக் கிட்டப் போங்கள். பாத்தியின் மூலையில் ஒரு கம்பு நட்டு வைத்து, ஒவ்வொரு தடவையும் அதே கம்பு தெரிகிற மாதிரி எடுத்தால், மூன்று மாதத்தில் வந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியும்.

எழுத்தைவிட வீடியோ எங்கே உதவும் என்பதற்கு ஒரு உதாரணம். சரிவில் மட்டமான கோடு போட ‘ஏ’ சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான, சம நீளமுள்ள இரண்டு கம்பை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவில் குறுக்குக் கம்பு வைத்துக் கட்டினால் ஆங்கில ‘ஏ’ எழுத்து மாதிரி வரும். உச்சியிலிருந்து ஒரு கயிற்றில் கல்லைத் தொங்கவிட வேண்டும். இரண்டு முளை அடித்து அதில் கால்களை ஊன்றி, குறுக்குக் கம்பில் கயிறு தொடும் இடத்தை அடையாளம் போடுங்கள். பிறகு கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடியும் அடையாளம் போடுங்கள். இரண்டு அடையாளத்துக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். கயிறு அந்தப் புள்ளியில் நிற்கிற மாதிரி ஒவ்வொரு எட்டாக நகர்த்திக் குச்சி அடித்துக்கொண்டு போனால், அந்தக் குச்சி வரிசையில் கிடங்கு எடுக்கலாம். இதை வாசித்தவுடன் எத்தனை பேருக்கு விளங்கியிருக்கும்? ஒரு நிமிச வீடியோவில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் விளங்கும்.

அனுமதி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கொழுந்து எடுக்கிற பெண்களைக் கேட்காமல் கொள்ளாமல் படம் பிடித்துக்கொண்டு போகிற பயணிகளை நாம் கண்டு சலித்தவர்கள். அதே வேலையை நாமே செய்யக் கூடாது. பேசுகிறவரிடம் முதலில் கேளுங்கள். எடுத்த பிறகு அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். முகம் காட்ட விருப்பமில்லாதவர் கையை மட்டும் காட்டிப் பேசலாம். சிறு பிள்ளைகளின் முகம் வேண்டாம். தேயிலை மலைக்குள் எடுப்பதானால் நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

டேட்டாக் காசுக்குப் பயப்பட வேண்டாம். ஒரு போனிலிருந்து மற்றப் போனுக்குப் புளூடூத்தில் அனுப்பலாம். ஒரு மெமரி கார்ட்டில் போட்டு லயம் லயமாகக் கைமாற்றலாம். அதைவிட நல்லது, பிள்ளைக் காம்பராவில் உள்ள ரி.வி.யில் போட்டு எல்லோரும் சேர்ந்து பார்ப்பது. தனியாகப் பார்க்கிறவர் தலையாட்டிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். பத்துப் பேர் கூடினால் “எங்க வீட்டுப் பக்கம் தண்ணி நிக்குதே, அதுக்கு என்ன செய்றது?” என்று யாராவது ஒருவர் கேட்பார். அங்கேதான் படத்தை நிறுத்த வேண்டும். யார் செய்து பார்க்கப் போகிறார்கள் என்று நாங்கள் ஒரு கொப்பியில் எழுதி, ஒரு மாதம் கழித்து வந்து பார்ப்போம். செய்து சரிவராதவர்களின் பாத்தியும் அடுத்த வீடியோவில் வரும், அவர்களுக்கு விருப்பம் இருந்தால்.

தென்மேல் பருவ மழை தொடங்கு முன் முதல் வீடியோவை எடுத்துவிட யோசித்திருக்கிறோம். தழை தாழ்ப்பதும் ‘ஏ’ சட்டம் கட்டுவதும் அதில் அடங்கும். தங்கள் பாத்தியில் செய்து காட்ட முன்வருகிறவர்கள், ஆணோ பெண்ணோ, பிள்ளைக் காம்பரா அக்காவிடம் பெயர் கொடுக்கலாம். வயசானவர்கள் வந்தால் இன்னும் நல்லது. கயிறும் கல்லும் நாங்கள் கொண்டு வருகிறோம். கம்பு மூன்று வெட்டி, காட்டுச் சூரியகாந்தித் தழை ஒரு கட்டு முதல் நாளே கொண்டு வந்து வைத்துவிடுங்கள்.